ஏன் ஏறினாய்?

அக்டோபர் 3, 2024, பிரிஸ்டல்

நடனம், அந்தரத்தில் ஆடும் ஏரியல் கலை, உடலையே மொழியாகக் கொண்ட பிசிக்கல் தியேட்டர் மூன்றையும் ஒரே பட்டமாகப் படிக்க வந்திருக்கிறோம். முதல் வகுப்பில் அவரவருக்குத் தெரிந்ததைச் செய்துகாட்டச் சொன்னார்கள். நான் விழுப்புரத்தில் பள்ளிக்காலம் முழுக்கக் கயிறு மல்லர்கம்பம் ஆடியவள். கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கயிற்றைக் கவ்விக்கொண்டு, முடிச்சே போடாமல் ஏறி ஆசனம் பிடிப்பது அந்த ஆட்டம். இங்கே தொங்கிய கயிற்றிலும் அதையே செய்தேன். கைதட்டினார்கள். அரங்க ஆசிரியை மட்டும், "நன்றாக ஏறுகிறாய். ஏன் ஏறினாய்?" என்றார்.

"செய்துகாட்டச் சொன்னீர்களே."

"அது என் காரணம். உன் காரணம் என்ன?"

மல்லர்கம்பத்தில் இந்தக் கேள்வியே எழாது. கடினத்துக்கு இவ்வளவு, நேர்த்திக்கு இவ்வளவு என்று நடுவர்கள் புள்ளி போடுவார்கள். மேலே போவதற்கு அதைவிட வேறு காரணம் தேவைப்பட்டதில்லை.

அக்டோபர் 17

இன்று ஒருவரும் தரையைவிட்டு எழவில்லை. கூரை விட்டத்தில் கயிறு, துணி, டிரபீஸ் என்னும் ஊசல் எல்லாவற்றையும் பாதுகாப்பாகத் தொங்கவிடும் ரிகிங் பாடம். இணைப்புக் கொக்கியான கேரபினர் ஒவ்வொன்றின் முதுகிலும் கிலோநியூட்டன் கணக்கு பொறித்திருக்கிறது. ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 102 கிலோ எடையின் இழுப்பு. என் எடை 52 கிலோ. அசையாமல் தொங்கினால் ஒரு கிலோநியூட்டனில் பாதிதான். ஆனால் துணியைச் சுற்றிக்கொண்டு உயரத்திலிருந்து உருண்டு விழுந்து சட்டென்று நிற்கும் 'டிராப்' செய்தால், அந்த நொடியில் விட்டம் தாங்குவது என் எடையைப் போலப் பல மடங்கு. அதனால் ஆள் எடையைப் பார்த்து யாரும் கருவி வாங்குவதில்லை. விழுகிற கணத்தைப் பார்த்து வாங்குகிறார்கள்.

பிரிட்டனில் 1998இல் வந்த தூக்கு கருவிகள் விதிமுறைப்படி, மனிதரைத் தூக்கும் கருவியைப் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியானவர் சோதித்துச் சான்று தரவேண்டும். ரிக்கர் ஒவ்வொரு கருவியின் எண்ணையும் பதிவேட்டில் காட்டினார். ஊரில் மாஸ்டர் கயிற்றைக் கையால் உருவிப் பார்த்து, "ம், ஏறு" என்பார். அவர் கையும் ஒரு பதிவேடுதான். ஆனால் அவர் வராத நாளில் அதைத் திறந்து பார்க்க முடியாது.

நவம்பர் 12

வரலாற்று வகுப்பு. 1859இல் இதே தேதியில்தான் ஜூல் லெயோதார் பாரிஸின் நெப்போலியன் சர்க்கஸில் பறக்கும் டிரபீஸை முதன்முதலாக மக்கள் முன் ஆடினார். துலூஸ் நகரில் அவருடைய அப்பா உடற்பயிற்சிக்கூடம் நடத்தினார். அங்கிருந்த நீச்சல் குளத்துக்கு மேலே ஊசலைக் கட்டி மகன் பழகினானாம். உடலோடு ஒட்டிய ஆடைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நாங்கள் தினமும் மாட்டிக்கொள்ளும் லியோடார்ட் அதுதான்.

அடுத்துப் பார்த்த இரண்டு படைப்புகளும் 1970ஐச் சேர்ந்தவை. ஸ்ட்ராட்ஃபோர்டில் பீட்டர் புரூக் ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தை வெள்ளைப் பெட்டி போன்ற மேடையில் போட்டார். தேவதைகள் டிரபீஸில் வந்து இறங்கினார்கள். மனிதர் தரையில், மாயம் மேலே. அங்கே உயரம் ஒரு பாத்திரத்தின் இருப்பிடம். அதே ஆண்டில் நியூயார்க்கின் ஸோஹோ பகுதியில் டிரிஷா பிரவுன் ஓர் ஆளைக் கயிற்றில் பிணைத்து, மாடிக் கட்டடத்தின் சுவர்மீது உச்சியிலிருந்து தெருவரை நடந்து இறங்கவைத்தார். சாகசம் எதுவும் இல்லை. சாதாரண நடை, தரைக்கு இணையாகக் கிடக்கும் உடம்பு, அவ்வளவுதான். பார்க்கிறவருக்குத்தான் தலை சுற்றுகிறது.

லெயோதார் ஏறியது வியக்கவைக்க. மற்ற இருவருக்கும் வியப்பு போதவில்லை. குறிப்பேட்டில் இதை எழுதினேன். என் காரணத்தின் இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

டிசம்பர் 3

இன்றுதான் அம்மாவின் போன் கிடைத்தது. ஃபெஞ்சல் புயல் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. பிறகு தென்பெண்ணை பெருகி ஊருக்குள் வந்துவிட்டது.

"விடியறதுக்குள்ள இடுப்பளவு வந்துடிச்சிடி. ரேஷன் கார்டு, பட்டா, உன் சர்ட்டிபிகேட்டு எல்லாத்தையும் கவருல போட்டு இடுப்புல கட்டிக்கினேன். அப்பா ஆயாவ முதுகுல சொமந்துக்கினு மாடிக்கு ஏறிட்டாரு. உன் கப்புங்க ரெண்டு மூணு மெதந்து போயிடிச்சி. புடிக்க முடியல."

கப் போனால் போகட்டும் என்றேன். ஒரு பகலும் ஓர் இரவும் மொட்டை மாடியில் தார்ப்பாயின் கீழ் இருந்திருக்கிறார்கள். ஆயா மட்டும் வெற்றிலைப் பையைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

ஜனவரி 21, 2025

பணக் கணக்கு. மாணவர் விசாவில் பாடக்காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஆனால் சுயதொழில் கூடாது. தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ கேளிக்கைக் கலைஞராகவோ இருக்கக் கூடாது. கூடப் படிக்கும் உள்ளூர்ப் பெண் ஒரு விருந்தில் துணி ஆட்டம் ஆடி, என் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவை ஒரே மாலையில் சம்பாதித்துவிட்டு வந்தாள். அந்த நேரம் நான் உணவகத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். படிக்க அனுமதி உண்டு, படித்ததை விற்க அனுமதி இல்லை. சோப்புத் தண்ணீரில் உள்ளங்கைக் காய்ப்பு ஊறி உரிகிறது. மறுநாள் கயிற்றைப் பிடித்தால் எரிகிறது.

பிப்ரவரி 11

நடுநிலை முகமூடி வகுப்பு. பாரிஸில் 1956இல் பள்ளி தொடங்கிய ஜாக் லெகோக் இதைப் பாடமாக்கினார். விளையாட்டிலிருந்து அரங்குக்கு வந்தவர் அவர். தோல் முகமூடிகளை இத்தாலியச் சிற்பி அம்லெத்தோ சர்த்தோரி செய்துகொடுத்தார். சிரிப்பும் அழுகையும் இல்லாத முகம் அது. மாட்டிக்கொண்டதும் உடம்பின் பழக்கங்கள் எல்லாம் வெளியே வந்துவிடுகின்றன. முகம் வாயை மூடிக்கொண்டதால் தோளும் முதுகும் பேசத் தொடங்கும்.

என் பழக்கத்தை நண்பர்கள்தான் பிடித்தார்கள். எதைச் செய்து முடித்தாலும் மோவாயைச் சற்றே உயர்த்தி ஒரு நொடி நிற்கிறேனாம். நடந்தாலும், உட்கார்ந்தாலும். நடுவர் மேசையைப் பார்த்து நிற்கப் பழகிய நிலை அது. இங்கே மேசையே இல்லை.

மதியம் தொடர்பு நடனம். ஸ்டீவ் பாக்ஸ்டன் 1972இல் தொடங்கிய வடிவம். இருவர் ஒருவர்மீது ஒருவர் எடையைச் சாய்த்து, அது போகிற வழியில் போகிறார்கள். கையால் தூக்கினால் கனக்கும் ஆள், இடுப்பு எலும்பின்மேல் சாய்ந்தால் அவ்வளவு கனப்பதில்லை. அப்பா ஆயாவை ஏன் முதுகில் சுமந்தார் என்று உடம்புக்குப் புரிந்தது.

மார்ச் 18

இறுதிப் படைப்புக்கு நால்வர் குழு. வெள்ளத்தை எடுக்கலாம் என்றேன். தண்ணீர் வந்தால் மேலே ஏறத்தான் வேண்டும். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஒத்திகையில் கயிற்றைப் பிடித்ததும் என் பாதம் தானாகவே நீண்டு கூராகிவிட்டது. "வெள்ளத்தில் யாராவது இப்படிப் பாதத்தை நீட்டுவார்களா?" என்றார் ஆசிரியை. அதனால் அழகில்லாமல் ஏறப் பழகுகிறேன். முழங்கால் முட்டி, மூச்சு வாங்கி, பிடி நழுவி. அழகாக ஏறுவதைவிட இதற்குத்தான் அதிக வலு வேண்டும். ஒவ்வொரு நழுவலையும் கணக்குப் பார்த்தே நழுவவேண்டும்.

முடிவில் உச்சியிலிருந்து ஒரு டிராப் வைத்திருந்தோம். அரங்கம் அதிரும் என்று எல்லோருக்கும் ஆசை. இரவு அம்மாவிடம் அனுமதி கேட்டேன்.

"நாங்க பட்டத ஆடிக் காட்டப்போறியா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "காட்டினா ஆயாவ எறக்கினதக் காட்டு. ஏறுறது சுலுவுடி, பயத்துல ஏறிடலாம். எறங்கறப்பதான் படியெல்லாம் சேறு, ஆயாவுக்குக் கால் நிக்கல, கீழ போனா ஊடு எப்படிக் கெடக்குமோன்னு எனக்கு மனசு வரல."

டிராப்பை எடுத்துவிட்டோம். இனி ஒருவர் முதுகில் இன்னொருவரோடு, கயிறு வழியே, ஒவ்வொரு பிடியாக இறங்குவது. இருவர் எடைக்கு ரிக்கரிடம் புதுக் கணக்கு கேட்கவேண்டும்.

மே 20

மதிப்பெண் வந்தது: 62. "ஏன் ஏறினாய்?" என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை. இறங்கும் பகுதியில் அரங்கத்தில் கைதட்டலும் இல்லை. முடிந்த பிறகும் சிலர் எழுந்திருக்கவில்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நூத்துக்கு அறுவத்திரண்டா?"

இந்த ஊரில் 70 எடுத்தாலே முதல் வகுப்பு, 62 நல்ல மதிப்பெண்தான் என்று விளக்கினேன். நம்பினாளா தெரியவில்லை.

"அதுல ஆயாவ எறக்குனதுக்கு எவ்ளோ?"

"அதுக்குன்னு தனியா போடமாட்டாங்கம்மா."

"அதுக்குத்தாண்டி போட்டிருக்கணும்."