இன்னும் தெரிஞ்சுக்க வேண்டியது

எங்க ராஜபாளையத்துல கிறிஸ்தவக் குடும்பத்துல பிறந்த பசங்களுக்குன்னு ஒரு சிலபஸ் உண்டு. சண்டே ஸ்கூல், மே மாசம் விபிஎஸ், மனப்பாட வசனத்துக்கு ஒரு சோப்பு டப்பா பரிசு, கடைசியா திடப்படுத்தல். அதோட படிப்பு முடிஞ்சது! அப்புறம் இன்ஜினியரிங், கேம்பஸ், சென்னை, ஆபீஸ்ல ஆணி புடுங்குற வேலை. கடவுளைப் பத்தித் தெரிய வேண்டியது எல்லாம் பதினாறு வயசுக்குள்ளயே தெரிஞ்சு போச்சுங்கிற மாதிரி ஒரு நெனப்பு நம்மள்ல நிறைய பேருக்கு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்.

ஆனா பேதுருவோட ரெண்டாவது நிருபம் எங்க முடியுதுன்னு பாருங்க. அவரைத் தெரிஞ்சுக்கிறதுல நீங்க இன்னும் வளரணும்னு சொல்லித்தான் பேனாவைக் கீழ வைக்கிறார். பவுல் அதுக்கும் மேல. தமஸ்கு ரோட்டுல வெளிச்சத்தைப் பார்த்த மனுஷன், பல வருஷம் ஊர் ஊரா அலைஞ்சு முடிச்சு, காவல்ல இருந்துக்கிட்டு பிலிப்பியருக்கு எழுதுறார். அதுல மூணாவது அதிகாரத்தைப் படிச்சா, கிறிஸ்துவை அறியணும்ங்கிற ஆசை அப்பவும் அவருக்குத் தீரலைன்னு தெரியும். பவுலுக்கே சிலபஸ் முடியலைன்னா நமக்கு எப்படி முடியும்?

எங்க தொழில்ல லெகசி கோட்னு ஒண்ணு சொல்லுவோம். யாரோ எப்பவோ எழுதி வச்சது. ஓடும். ஏன் ஓடுதுன்னு யாருக்கும் தெரியாது, அதனால யாரும் கை வைக்க மாட்டாங்க. அப்பா அம்மா கிட்ட இருந்து வர்ற விசுவாசமும் பாதி அப்படித்தான். நல்லாத்தான் ஓடும். லோடு ஏறும்போதுதான் உள்ள என்ன இருக்குன்னு திறந்து பார்க்க வேண்டி வரும் :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன். நம்ம பக்கத்துல 1858ன்னு ஒரு வருஷம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரெண்டு பேருக்காக.

முதல் ஆள் ராக்லண்ட். தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட். கேம்பிரிட்ஜ்ல கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில ஃபெலோவா இருந்தவர், கணக்குல புலி. சிஎம்எஸ் சங்கத்துக்காக இந்தியா வந்து மெட்ராஸ்ல செயலாளர் வேலை பார்த்தார். அந்த மேஜை நாற்காலியை விட்டுட்டு 1854ல வட திருநெல்வேலிக்கு வந்துட்டார். வட திருநெல்வேலின்னா வேற எங்கேயோ இல்லை, சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்னு நம்ம கரிசக்காடுதான். ரெண்டு மூணு நண்பர்களோட கூடாரம் அடிச்சு, கிராமம் கிராமமா நடை. தெற்கே இருந்த தமிழ்ச் சபைகளும் சும்மா இருக்கலை. தங்கள் ஊழியர்களை மாசத்துக்கு இத்தனை பேர்னு முறை வச்சு, தங்கள் செலவுலயே அனுப்பினாங்க. நாலு வருஷம் ஓடினது. இத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணிக் காட்டுற மாதிரி பெரிய பலன் எதையும் அவர் கண்ணால பார்க்கலை. 1858 அக்டோபர்ல சிவகாசியில, 43 வயசுல இறந்து போனார்.

ரெண்டாவது ஆள் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. பாளையங்கோட்டைப் பக்கம் கரையிருப்புல 1827ல பிறந்தவர். வைணவக் குடும்பம், கம்பராமாயணத்துல ஊறின மனுஷன். சாயர்புரத்துல மிஷன் பள்ளிக்கூடத்துல தமிழாசிரியர். அவர் கிறிஸ்துவைத் தேடினது ஒரே ராத்திரியில நடந்த கதை இல்லை. நண்பர்களோட பேச்சு, ஜான் பனியனோட மோட்சப் பயணம் மாதிரி புத்தகங்கள், மனசுக்குள்ள நீண்ட போராட்டம். 1858 ஏப்ரல்ல மயிலாப்பூர்ல ஞானஸ்நானம் வாங்கினார். குடும்பத்துல, ஊர்ல அதுக்கு என்ன விலை கொடுத்திருப்பார்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இதுல என்னை உட்கார வச்ச விஷயம் வேற. பனியன் கதையை வச்சு அவர் பாடின இரட்சணிய யாத்திரிகம் புத்தகமா வந்தது 1894ல. ஞானஸ்நானத்துக்கும் அந்தப் புத்தகத்துக்கும் நடுவுல 36 வருஷம்! மூவாயிரத்துக்கும் மேல பாட்டு. தான் படிச்ச கம்பனை அவர் தூக்கி எறியலை. அந்தத் தமிழையே எடுத்துக்கிட்டுப் புது வழியில நடந்தார். அதனாலதான் கிறிஸ்தவக் கம்பர்னே பேர் வந்தது. ஆண்டாள் பிறந்த ஊருக்குப் பக்கத்துல வளர்ந்தவனுக்கு இது நல்லாவே புரியும். மார்கழி விடியல்ல ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கினா திருப்பாவை காதுல விழாம வீடு போய்ச் சேர முடியாது. கடவுளைத் தூரத்துல வச்சுக் கும்பிடுறது வேற, உரிமையோட பேசிப் பழகுறது வேறன்னு இந்த மண்ணுக்கு ரொம்ப நாளாத் தெரியும்.

இப்ப எங்க வீட்டுக் கதை.

எங்க அப்பா சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யுற விசைத்தறியில வேலை பார்த்தவர். நாலு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். அம்மா உபவாசம் இருந்து ஜெபம் பண்ணினாங்க. சபையே ஜெபம் பண்ணுச்சு. நான் மாசத்துக்கு ரெண்டு தடவை பொதிகை எக்ஸ்பிரஸ்ல வந்து போவேன். ஒருநாள் வீட்டுக்கு வந்த ஒருத்தர், "விசுவாசம் முழுசா இருந்தா இந்நேரம் சுகம் கிடைச்சிருக்கும் பிரதர்"னு சொல்லிட்டு காபியைக் குடிச்சிட்டுப் போனார். எனக்குச் சுர்ருன்னு வந்தது. அப்பா ஒண்ணும் சொல்லலை. அவர் போனப்புறம், "ஏம்ப்பா, உங்களுக்குக் கோபமே வரலையா? அவர் மேல இல்லாட்டியும், ஆண்டவர் மேல?"ன்னு கேட்டேன்.

"சுகம் தரலைன்னு இப்பப் போய் அவர்கூட சண்டை போட முடியுமா தம்பி? முப்பது வருஷப் பழக்கம்"னார்.

அப்பாவுக்கு கிரேக்கமும் தெரியாது, வேத வியாக்கியானமும் தெரியாது. எட்டாங்கிளாஸ். ஆனா அந்தப் 'பழக்கம்'ங்கிற வார்த்தைக்கு முன்னாடி என்னோட சண்டே ஸ்கூல் சர்டிபிகேட் எல்லாம் சும்மா பேப்பர். ஒருத்தரைப் பத்தித் தெரியறதும், ஒருத்தர்கூடப் பழகித் தெரியறதும் ஒண்ணு இல்லையே.

அப்பாவுக்கு பால்கோவான்னா உயிர். டயாலிசிஸ் ஆரம்பிச்சதும் பாலும் இனிப்பும் கட். ஆனாலும் நான் சென்னை கிளம்பும்போது, "ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து கால் கிலோ வாங்கி வச்சிருக்கேன், உன் ரூம் பசங்களுக்குக் கொடு"ம்பார். 2019ல புவிசார் குறியீடு வாங்கின பண்டம் அது. பாலும் சர்க்கரையும்தான் மொத்தச் சரக்கு, ரகசியம்னு பெருசா ஒண்ணும் கிடையாது. தீ எரியணும், கை கிண்டிக்கிட்டே இருக்கணும். தீ மட்டும் இருந்து கை நின்னா அடிப் பிடிச்சிடும். கை மட்டும் சுத்தித் தீ இல்லாட்டி கடைசி வரைக்கும் அது பால்தான்.

கஷ்டம் மட்டும் யாரையும் கடவுள்கிட்ட கொண்டு போயிடாது. கருகிப் போனவங்களையும் பார்த்திருக்கேன். கஷ்டமே தொடாத பக்திக்குக் கெட்டியாக நேரம் கிடைச்சிருக்காது. அப்பா கை நிறுத்தாதவர். ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு அதிகாரம், வந்து படுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஜெபம். டயாலிசிஸ் மெஷின்ல கிடக்கும்போதும் பக்கத்துப் படுக்கைக்காரர் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுவார். போன வருஷம் ஆடி மாசம் அப்பா போயிட்டார்.

"ஜெபம் கேட்கப்படலையா?"ன்னு நண்பன் ஒருத்தன் கேட்டான். கேட்டது கிடைக்கலைன்னு சொன்னேன். அதுல மழுப்ப ஒண்ணும் இல்லை. அது ஏன்னு எனக்கு இன்னிக்கும் பதில் கிடையாது, இருக்கிற மாதிரி நடிக்கவும் விருப்பம் இல்லை. ஆனா அந்த மூணு வருஷத்துல அப்பா யாரை நம்பினார்னு பக்கத்துல இருந்து பார்த்தேன். அவரை நானும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கு. அப்பா சொன்ன ஆளா இல்லாம, நானே பழகின ஆளா.

இப்ப காலையில லேப்டாப் திறக்கறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம். மாற்கு சுவிசேஷத்துல ஒரு நாளைக்கு ஒரே ஒரு சம்பவம், நிதானமா. சில நாள் மனசுல ஒண்ணுமே ஓடாது. சில நாள் ஒரே வரி ஆபீஸ் வரைக்கும் கூடவே வரும். ராக்லண்டுக்கு நாலு வருஷம், கிருஷ்ணபிள்ளைக்கு 36, அப்பாவுக்கு முப்பது. எனக்கு இப்பத்தான் எட்டு மாசம் ஆகுது.