சிகிச்சைக்கு உரிய இடம் எது?

மனநோய்க்கு மருந்துண்ணும் தம்பி ஒருவன் எனக்கு இருக்கிறான். அதனாலேயே, அமெரிக்க நீதிமன்றங்களில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியை வெறும் சட்டச் செய்தியாகப் படித்துக் கடக்க என்னால் இயலவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தம்மீதுள்ள வழக்கே விளங்கவில்லையென்றால், அவரது மனத்தெளிவை மீட்கும் சிகிச்சையை எங்கே அளிப்பது? மருத்துவமனையிலா, சிறையிலா, வீட்டிலா?

வழக்கைப் புரிந்துகொள்ளவும் வழக்கறிஞரோடு கலந்து பேசவும் இயலாதவரை விசாரிக்கலாகாது என்பதை 1960ஆம் ஆண்டின் டஸ்கி தீர்ப்பு உறுதிசெய்தது. புத்தி பேதலித்தவர் மீது மார்க்கக் கடமை இல்லை என்று சிறுவயதிலேயே கற்ற நமக்கு இதன் நியாயம் எளிதில் புரியும். ஆனால் அங்கே விசாரணை நிற்கிறதே தவிர, மனிதர் விடுதலையாகிவிடுவதில்லை.

இந்தியானாவில் ஜாக்சன் என்பவர் செவிப்புலனும் பேச்சும் அற்றவர். அறிவு வளர்ச்சி குன்றியவர். அவர் திருடியதாகச் சொல்லப்பட்டவற்றின் மொத்த மதிப்பு 9 டாலர். தகுதி பெறும் வரை என்று அவரை அடைத்தார்கள். அவரோ தகுதி பெறக்கூடியவரே அல்லர். நியாயமான காலத்துக்கு மேல் இக்காரணத்துக்காக மட்டும் ஒருவரை அடைத்து வைக்கலாகாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயினும் மருத்துவமனைப் படுக்கைக்காகச் சிறையில் காத்திருப்போர் குறையவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீண்ட காத்திருப்பை, 2015இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் 7 நாள்களுக்குள் முடிக்கும்படி ஆணையிட்டது. படுக்கை போதாமையால் சில இடங்களில் சிறைக்குள்ளேயே சிகிச்சை தருகிறார்கள். இரைச்சலும் தனிமையும் நோயை வளர்க்கும் இடத்தில் தெளிவு எப்படித் திரும்பும்?

வீடே சிறந்தது என்றும் நான் சொல்லிவிடமாட்டேன். உம்மாவின் கையால் கொடுத்தால் தம்பி மாத்திரையை மறுக்கமாட்டான். எங்களையே அடையாளம் தெரியாமல் அவன் அலறிய இரவுகளில், அந்தக் கை மட்டும் போதவில்லை. மருத்துவமனைதான் அவனைக் காத்தது. முறையிட்டவரும் நீதிக்காகக் காத்திருக்கிறார் என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே ஒரே இடத்தை எல்லாருக்கும் விதிப்பது நீதியாகாது. இவரால் பிறருக்கு ஆபத்து உண்டா, தங்க வீடு உண்டா, மருந்தைக் கவனித்துக் கொடுக்க ஆள் உண்டா என்று நீதிபதி கேட்க வேண்டும். மருத்துவரோடு குடும்பத்தாரையும் கேட்க வேண்டும். எந்தப் படுக்கை காலியாக இருக்கிறது என்பது இறுதிக் கேள்வியாக இருக்கட்டும். முதற்கேள்வி நோயாளியின் தேவையாக இருக்கட்டும்.