டப்பா மேல போட்டிருக்கற மைலை நம்பாதீங்க மக்களே!

அமெரிக்காவுல இருக்கற நம்மாளுங்க நாலு பேர் ஜீப் எடுத்துக்கிட்டு யூட்டா பக்கம் மோவாப்ல பாறை ஏறக் கெளம்பினா, முதல்ல வர்ற கேள்வி: "எந்த வாக்கி டாக்கி வாங்கலாம்?" பல இடத்துல செல்போன் சிக்னல் சுத்தமா கிடையாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் எதிர்ல வண்டி வருதான்னு முன்னாடி போறவர் சொன்னாத்தான் பின்னாடி வர்றவருக்குத் தெரியும்.

டப்பாவுல 35 மைல்னு போட்டிருப்பான். அது மலை உச்சியிலேர்ந்து பேசற கணக்குங்க. நடுவுல பாறை வந்தா ஒண்ணு ரெண்டு மைலே பெரிசு :-)

மலிவுன்னா எஃப்.ஆர்.எஸ். வகைதான். லைசென்ஸ் வேண்டாம், அதிகபட்சம் 2 வாட். 8லேர்ந்து 14 வரை உள்ள சேனல்ல அரை வாட்தான், அந்தப் பக்கம் போகாதீங்க. ஆண்டெனாவைக் கழட்ட முடியாது, அதனால காருக்குள்ள உக்காந்து பேசினா தகரமே சிக்னலைத் தின்னுடும்.

என் யோசனை: முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் மட்டும் ஜி.எம்.ஆர்.எஸ். வாங்கி, கூரை மேல காந்த ஆண்டெனா வைங்க. லைசென்ஸ் 35 டாலர், 10 வருஷம், குடும்பத்துக்கே செல்லும், பரீட்சை கிடையாது. 2017 விதிப்படி ரெண்டு வகைக்கும் அதே 22 சேனல்கள். மத்தவங்க எஃப்.ஆர்.எஸ்.லயே பேசிக்கலாம்.

கடைசியா ஒண்ணு. "பிரைவசி கோட்"னு ஒண்ணு இருக்கும், எல்லாரும் அணைச்சுடுங்க. அது ரகசியத்தைக் காப்பாத்தாது. ஆனா கோட் போட்டவர் காதுல, போடாதவர் "நிறுத்து!"ன்னு கத்தறது விழாது.