மாமாவின் கிட்னியும் அம்மாவின் கிட்னியும்

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு அம்மா ஹாஸ்டலுக்குப் போன் பண்ணினார். "மாமாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சாம்டா..." அதற்கு மேல் பேச முடியவில்லை.

மாமா டெய்லர். தீபாவளி சீஸனில் நள்ளிரவு தாண்டியும் மெஷின் ஓடும். கால் வீங்கியபோது உட்கார்ந்தே தைப்பதால் என்று நினைத்திருக்கிறார். வாந்தி வந்ததற்கு அசிடிட்டி மாத்திரை. பதினைந்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த இடத்தில், சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சாதாரண டெஸ்ட்தான். கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் யாராவது இருந்தால் தயவுசெய்து வருடத்துக்கு ஒரு முறை எடுத்துவிடுங்கள்.

அவசரத்துக்குக் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். பிறகு இடது கையில் ஃபிஸ்டுலா. தமனியையும் சிரையையும் இணைக்கிற சின்ன ஆபரேஷன்தான். ஆனால் ரத்தக்குழாய் தடித்து ஊசி போடத் தயாராக ஆறு வாரமாவது ஆகும். முன்பே தெரிந்திருந்தால் கழுத்துக் குழாயே தேவைப்பட்டிருக்காது.

இப்போது வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பஸ்ஸில் போய்த் திரும்பினால் அன்றைய பொழுது போச்சு, வந்ததும் படுக்கைதான். வாரத்தில் மூன்று நாள் கடை பூட்டியிருந்தால் யார் துணி கொடுப்பார்கள்? தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும். பொட்டாசியம் என்பதால் இளநீரும் வாழைப்பழமும் கூடாது. மாமாவுக்குப் பெரிய துக்கம், டீயை அரை டம்ளராகக் குறைத்ததுதான்!

இன்னொரு வழி இருப்பதை ரொம்ப நாள் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. வயிற்றில் மெல்லிய குழாய் வைத்து, வீட்டிலேயே இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுப்பது. சி.ஏ.பி.டி. என்கிறார்கள். தினமும் நாலு தடவை மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் போல ஆகும், நடுவில் தைக்கலாம். கை சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் தொற்று வரும், அது ஆபத்து. துணித்தூசி பறக்கிற வீட்டில் இதற்கென்று ஓர் அறை ஒதுக்க முடியுமா என்று அத்தை யோசிக்கிறார்.

மூன்றாவது, மாற்று சிறுநீரகம். பழையதைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, புதியதை அடிவயிற்றில் வைத்துவிடுவார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. மருந்து ஆயுளுக்கும். தமிழ்நாட்டில் 2008-ல் ஹிதேந்திரனின் பெற்றோர் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு இறந்தவர்களின் உறுப்பு தானம் பரவலாகப் பேசப்பட்டது. மாமா பெயரையும் அந்தக் காத்திருப்புப் பட்டியலில் பதிந்திருக்கிறோம். ஆனால் வரிசை நீளம்.

அத்தையின் ரத்த வகை சேரவில்லை. இப்படிச் சேராத இரண்டு குடும்பங்கள் ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுத்துக்கொள்ள 2011 சட்டத் திருத்தம் வழி செய்திருக்கிறது. அதற்கு அதே நிலையில் இன்னொரு குடும்பம் கிடைக்க வேண்டும்.

அம்மா 'ஓ'. மாமாவும் 'ஓ'. "என் தம்பிக்கு நான் கொடுக்கிறேன்" என்று முடிவே பண்ணிவிட்டார். அப்பா அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம், மிச்சமிருப்பது கொஞ்சம் பெரிதாகி வேலையை ஏற்றுக்கொள்ளும் என்று நானே அவருக்கு விளக்கினேன். விளக்கிவிட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தாத்தாவுக்கும் சர்க்கரை இருந்தது. நாளைக்கு அம்மாவுக்கும் வந்தால்?

மாமாவிடம் தனியாகப் பேசினேன். காஜா எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல், "அக்காகிட்ட வேண்டாம் மாப்ள. வயித்துல டியூப் வைக்கிறதையே பாக்கலாம்னு சொல்லு" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "அவன் சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்?" என்றார். மாமாவுக்கு வயது 46.

வியாழக்கிழமை அம்மாவுக்கு 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை. அப்பாதான் கேன் வாங்கி வந்து வைத்தார்.