டாக்சி ஹாரனும் ஒரு பீட்டிலும்

ஜார்ஜ் ஹாரிசனின் முதல் தனி ஆல்பத்தில் ஒரு பாதி உருவானது மும்பையின் அலுவலகத் தெரு ஒன்றில். அந்தத் தெருவுக்குத் திரும்பி வருகிறார் ஒரு ரசிகர்.

மாலை ஐந்தரை மணி. மும்பை ஃபோர்ட் பகுதியில், சர் பிரோஸ்ஷா மேத்தா ரோட்டின் அலுவலகங்கள் காலியாகத் தொடங்குகின்றன. வாசல்களிலிருந்து கொட்டும் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. பாதி சர்ச்கேட் ஸ்டேஷனுக்கு. மீதி சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸுக்கு. யாரும் நடப்பதில்லை, ஏறக்குறைய ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தில் சேராமல் ஒருவர் மட்டும் நடைபாதை ஓரமாக ஒதுங்கி நிற்கிறார். வயது எழுபதுக்கு மேல். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர். கண்களைவிடக் காதுகளுக்குத்தான் வேலை. ஹாரன், காலடிச் சத்தம், மறுபடி ஹாரன். 1968 ஜனவரியில் இதே தெருவின் இரைச்சல் ஒரு இசைத்தட்டுக்குள் புகுந்துகொண்டது. அந்த இசைத்தட்டின் ரசிகர் இவர்.

பீட்டில்ஸ் குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் தன் பெயரில் வெளியிட்ட முதல் ஆல்பம் ‘வொண்டர்வால் மியூசிக்’. 1968 நவம்பர் 1ஆம் தேதி பிரிட்டனில் வெளிவந்தது. நான்கு பீட்டில்களில் தன் பெயரில் தனி ஆல்பம் போட்ட முதல் ஆள் ஹாரிசன்தான். பீட்டில்ஸ் தொடங்கிய ஆப்பிள் நிறுவனத்தின் முதல் எல்.பி.யும் இதுதான். ஆனாலும் பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. அமெரிக்கப் பட்டியலில் 49ஆவது இடம் வரை போனது. பிரிட்டிஷ் பட்டியலில் எட்டிப் பார்க்கவே இல்லை. இன்றைய இளைஞர்களுக்கு ‘வொண்டர்வால்’ என்றால் ஒயாசிஸ் குழுவின் 1995ஆம் ஆண்டுப் பாட்டுதான். அந்தத் தலைப்பே இந்த ஆல்பத்திலிருந்து எடுத்தது என்பது பலருக்குத் தெரியாது.

ஜோ மசாட் இயக்கிய ‘வொண்டர்வால்’ படத்துக்கான பின்னணி இசை இது. தனிமையில் வாழும் ஒரு விஞ்ஞானி, சுவரிலுள்ள ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டு அழகியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கதை அவ்வளவுதான். வசனம் குறைவு, இசைக்கு இடம் அதிகம். ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு காட்சிகளை நொடிக் கணக்கில் அளந்தார் ஹாரிசன். மேற்கத்தியப் பகுதிகளை லண்டனில் பதிவு செய்தார். இந்தியப் பகுதிகளுக்காக பம்பாய்க்கு விமானம் ஏறினார்.

அவருக்கு இந்த நகரம் புதிதல்ல. 1966 செப்டம்பரில் ரவிசங்கரிடம் சிதார் கற்றுக்கொள்ள வந்து தாஜ் ஓட்டலில் ரகசியமாகத் தங்கினார். ரகசியம் உடைந்து ரசிகர் கூட்டம் முற்றுகையிட, குருவும் சீடரும் ஸ்ரீநகர் படகு வீட்டுக்கு இடம் மாறினார்கள். இரண்டாவது வருகையில் கூத்து எதுவும் இல்லை. ஃபோர்ட்டில் யுனிவர்சல் இன்ஷூரன்ஸ் கட்டடத்திலிருந்த எச்.எம்.வி. ஸ்டூடியோவில் சில நாட்கள் வேலை, பிறகு ஊருக்குப் பயணம்.

ஸ்டூடியோ என்றால் லண்டன் ஸ்டூடியோ போல அல்ல. அங்கே இருந்தது ஒரு பழைய மோனோ இயந்திரம். ஸ்டீரியோவில் பதிவு செய்ய இரண்டு டிராக் இயந்திரம் தேவைப்பட்டது. கிராமஃபோன் கம்பெனியின் தலைமையில் இருந்த பாஸ்கர் மேனன், கல்கத்தாவிலிருந்து அதை ரயிலில் கொண்டுவந்து சேர்த்ததாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார் ஹாரிசன். ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். திருவனந்தபுரத்தில் பிறந்த இதே மேனன்தான் பின்னாளில் அமெரிக்காவின் கேபிடல் ரிகார்ட்ஸுக்குத் தலைவரானார்.

இயந்திரம் வந்தது. ஆனால் சுவர்கள் மாறவில்லை. கீழே அலுவலகங்கள், மேலே ஸ்டூடியோ. ஒலித்தடுப்பு என்று எதுவும் இல்லை. கவனமாகக் கேட்டால் இந்தியப் பகுதிகளில் டாக்சிகள் கடந்துபோவது கேட்கும் என்று ஹாரிசனே சொல்லியிருக்கிறார். மாலை ஐந்தரை ஆனால் ஒலிப்பதிவை நிறுத்தியாக வேண்டும். அலுவலகம் முடிந்து எல்லோரும் தடதடவெனப் படியிறங்கும் சத்தம் மைக்கில் விழுந்துவிடும்.

ரசிகரை இந்தத் தெருவுக்கு இழுத்து வந்தது அந்த ஐந்தரை மணி விவரம்தான். 1970களில் சோர் பஜாரில் பழைய தட்டுகளுக்கு நடுவே இந்த எல்.பி. அவருக்குக் கிடைத்தது. அட்டையில் பாப் கில் வரைந்த ஓவியம்: செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் தொப்பி வைத்த ஒரு கனவான், அந்தப் பக்கம் குளிக்கும் பெண்கள். சுவரில் ஒரு செங்கல்லையாவது எடுத்துவிடச் சொன்னாராம் ஹாரிசன், பாவம் அந்த மனிதருக்கும் ஒரு வாய்ப்பு இருக்கட்டும் என்று. தட்டின் ஒரு பகுதி பம்பாயில் பதிவானது என்பது ரசிகருக்கு அன்றே தெரியும். எந்த இடம் என்பது மட்டும் தெரியாது. பீட்டில்ஸ் ஒலிப்பதிவுகள் பற்றிய ஒரு புத்தகத்தில் வெகுகாலம் கழித்து முகவரியைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை என்கிறார். இரண்டு தெரு தள்ளித்தான் அவருடைய வங்கிக் கிளை. அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் ஆண்டுக்கணக்கில் மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்தார்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அவருடைய தந்தை இதே ரோட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வேறு கட்டடம்தான். ஆனால் மணி அதே ஐந்தரை. தாதரில் ஒண்டுக் குடித்தனம். ரேடியோவில் நாட்டிய சங்கீதம் கேட்பது ஒன்றுதான் தந்தைக்குப் பொழுதுபோக்கு. மகனின் ராக் தட்டுகள் அவருக்கு வெறும் இரைச்சல். இந்தத் தட்டு சுழன்றபோது மட்டும் அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து, ஷெனாய் வாசிப்பது யார் என்று கேட்டாராம். மகன் பெயர்களைப் படித்துச் சொன்னார்: சரத் குமார், ஹனுமான் ஜாதவ். தந்தை தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். இசையைப் பற்றி இருவரும் சண்டையில்லாமல் பேசிக்கொண்டது அந்த ஒரு தடவைதான் என்கிறார் ரசிகர்.

பெயர்களைப் படிக்க முடிந்ததே ஒரு விசேஷம். பம்பாய்க் கலைஞர்களைத் திரட்டியதில் ரவிசங்கரின் சீடர் சம்பு தாஸுக்குப் பெரும் பங்கு. சந்தூருக்கு சிவ்குமார் சர்மா. முந்தைய ஆண்டுதான் எச்.எம்.வி.யில் அவருடைய ‘கால் ஆஃப் தி வேலி’ வந்திருந்தது. தார் ஷெனாய்க்கு விநாயக் வோரா, புல்லாங்குழலுக்கு எஸ்.ஆர். கென்கரே, தபலாவுக்கு மகாபுருஷ் மிஸ்ரா. அலி அக்பர் கானின் மகன் ஆஷிஷ் கானின் சரோடு, ‘லவ் சீன்’ என்ற துண்டில் தனக்குத் தானே கேள்வி கேட்டுப் பதில் சொல்கிறது. ஒரே கலைஞரை இரண்டு முறை பதிவு செய்து இணைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெயர்கள் இருந்தும் வாசித்தவர்கள் பட்டியலில் ஹாரிசன் பெயர் இல்லை. இசையமைப்பும் தயாரிப்பும் அவருடையவை. வாசித்தவர் வரிசையில் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெயருக்குத்தான் தனி ஆல்பம்.

தெற்கத்திக் காதுகளுக்கும் இதில் ஒரு தெரிந்த முகம் உண்டு. ‘கத் கிர்வாணி’ என்ற துண்டின் ராகம் நம் கீரவாணிதான். 21ஆவது மேளகர்த்தா. கர்நாடக சங்கீதத்திலிருந்து வடக்கே போய், ரவிசங்கர் தலைமுறை வாத்தியக் கலைஞர்களிடம் செல்வாக்குப் பெற்று, அங்கிருந்து ஒரு ஆங்கிலேயரின் தட்டில் ஏறிவிட்டது.

குறைகளையும் ரசிகர் மறைப்பதில்லை. மொத்தம் 19 துண்டுகள். பல இரண்டு நிமிடம்கூட வராது. சந்தூர் சூடு பிடிக்கும் நேரத்தில் காட்சி மாறிவிடும், இசையும் முடிந்துவிடும். எரிக் கிளாப்டனின் மின் கிதார் ஒலிக்கும் ‘ஸ்கீயிங்’ துண்டுக்கும் அடுத்து வரும் கீரவாணிக்கும் இடையே மூச்சுவிட நேரமில்லை. ஹாரிசனின் சிறந்த ஆல்பம் எது என்று கேட்டால் 1970ல் வந்த ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ என்றுதான் இவரும் சொல்வார். ஆனால் அதில் இந்தத் தெரு இல்லை.

அந்த நாட்களில் இங்கே இன்னொரு காரியமும் நடந்தது. ‘தி இன்னர் லைட்’ என்ற பாட்டின் பின்னணி ஜனவரி 12ஆம் தேதி பதிவானது. மார்ச்சில் ‘லேடி மடோனா’ தட்டின் மறுபக்கத்தில் வந்தது. பீட்டில்ஸ் சிங்கிள் ஒன்றில் இடம் பிடித்த முதல் ஹாரிசன் பாட்டு. கேம்பிரிட்ஜ் சம்ஸ்கிருத அறிஞர் ஹுவான் மாஸ்கரோ எடுத்துக் கொடுத்த சீனத்து தாவோ நூலின் கருத்து அது. வாசலைத் தாண்டாமலே உலகை அறியலாம். தூரம் போகப் போக அறிவது குறையும். அதைப் பதிவு செய்ய ஹாரிசன் லண்டனிலிருந்து பம்பாய் வரை வந்தார். இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்திருந்த ரசிகருக்கு விஷயம் தெரிய ஒரு புத்தகம் லண்டனிலிருந்து வர வேண்டியிருந்தது.

ஹாரிசன் 2001 நவம்பரில் காலமானார். மேனன் 2021ல், சிவ்குமார் சர்மா 2022ல், ஆஷிஷ் கான் 2024ல். பழைய ஃபியட் டாக்சிகளின் வாரிசான பிரீமியர் பத்மினியும் 2023 அக்டோபரில் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றது. தட்டு மட்டும் போகவில்லை. 1992ல் சி.டி.யாக வந்தது, 2014ல் துலக்கப்பட்டு மறுபடியும் வந்தது. புதிய பதிப்பில் தெரு இன்னும் துல்லியமாகக் கேட்குமா என்றுதான் ரசிகர் முதலில் பார்த்தாராம். டாக்சி மாதிரி ஏதோ ஒன்று கேட்கிறது என்கிறார். காலடிச் சத்தம் கேட்கவில்லை. கேட்காது, அதற்காகத்தானே நிறுத்தி வைத்தார்கள்.

மணி ஆறாகிறது. நெரிசல் குறையவில்லை. ரசிகர் நடைபாதையிலிருந்து இறங்கி சர்ச்கேட் பக்கம் போகும் கூட்டத்தில் கலந்துகொள்கிறார். தாதர் போக வேண்டும். 1968ல் அவருடைய தந்தையும் இந்த நேரத்துக்கு இந்த வழியாகத்தான் போயிருப்பார். இவர்கள் போய் முடியட்டும் என்று மாடியில் ஒரு பீட்டில் காத்திருந்தார்.