விடிலிக்குள்ளே

சித்திரை பிறந்துவிட்டால் உடன்குடிப் பக்கத்துப் பனங்காடுகளுக்குள் வெளியூர்க்காரர்கள் அண்ணாந்தபடிதான் நடக்கிறார்கள். அறுபது, எழுபது அடி உயரத்தில் ஒருவர் பாளை சீவிக்கொண்டிருப்பார். கீழே நிற்பவர்கள் அதைப் படமெடுப்பார்கள். ஓலைப் பட்டையில் பதனி வாங்கிக் குடிப்பார்கள். பட்டையைக் கையில் பிடித்தபடி இன்னொரு படம். அத்தோடு வேன் கிளம்பிவிடும். பத்தடி தள்ளி விடிலி என்கிற ஓலைக்குடிசையிலிருந்து புகை வந்துகொண்டிருக்கும். அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கருப்பட்டி தயாராவது அந்தப் புகைக்குள்தான்.

குதிரைமொழித் தேரியின் ஓரத்தில், செம்மணலில் கால் புதையப் புதைய நடந்து அப்படி ஒரு விடிலிக்குப் போயிருந்தேன். மாசியிலிருந்து ஆடி வரை ஊரிலுள்ள வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பமே இங்கு வந்துவிடுகிறது. மட்டையை நட்டு ஓலை வேய்ந்த குடிசை. பாதி இடத்தை அடுப்பு எடுத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் பாய், பாத்திரம், பள்ளிப் பை. பனையேறும் அண்ணாச்சி அப்போதுதான் காலை ஏற்றம் முடித்து இறங்கியிருந்தார். விடியும் முன்னே தொடங்கிய வேலை. முருக்குத்தடியும் அரிவாள் பெட்டியும் மூலையில் சாய்ந்திருந்தன. நெஞ்சிலும் பாதத்திலும் மரம் உரசி உரசிக் காய்த்துக் கிடந்தது. இனிச் சாயங்காலம் மறுபடி ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். ஒருநாள் விட்டாலும் சீவிய வாய் காய்ந்து ஊறல் நின்றுபோகும் என்பதால் பருவம் முடியும்வரை நல்லது கெட்டதுக்குக்கூட வெளியூர் போக முடியாது.

"ஏறுததப் பத்திக் கேக்கணும்னா அவியகிட்டக் கேளுங்க. கருப்பட்டியப் பத்தின்னா இப்படி வந்து உக்காருங்க தம்பி" என்றார் அண்ணாச்சியின் மனைவி, மதினி. உட்கார்ந்தேன். அனல் முகத்தில் அறைந்தது. நான் பலகையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதை அவருடைய மாமியார் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

காய்ச்சும் தாச்சியில் பதனியை ஊற்றும் முன் மதினி ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசித்தான் பாளையில் கட்டுகிறார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதனி புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால் சட்டத்துக்கும் அந்தப் பூச்சுதான் எல்லை. ஆனால் அடுப்படியின் கவலை சட்டமல்ல. சுண்ணாம்பு குறைந்து லேசாகப் புளித்திருந்தால் எத்தனை நேரம் காய்ச்சினாலும் பாகு இறுகாது. கூடினாலோ கருப்பட்டி கறுத்துச் சுவை கெடும். மதினி நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, "வடக்க உள்ள மரத்துக் கலயத்துல கை கூடிட்டு" என்றார். அண்ணாச்சி மறுத்துப் பேசவில்லை. நாளைக்குக் குறைத்துப் பூசுவார். மரத்தின் உச்சியில் நடக்கும் வேலைக்கு இந்த அடுப்பிலிருந்துதான் உத்தரவு போகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

வடிகட்டி ஊற்றியாயிற்று. காய்ந்த ஓலையும் உடைமுள்ளும் சடசடவென்று எரிந்தன. முதல் ஒரு மணி நேரம் தீ நன்றாக எரிய வேண்டும். கொதி ஏறி நுரை விளிம்பைத் தொட்டதும் ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு சிட்டிகை போட்டார். பொங்கிய பால் தண்ணீர் தெளித்ததும் அடங்குவதுபோல நுரை தாழ்ந்தது. நிறம் வெளுப்பிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து தேன் நிறமாகி, கூப்பதனிப் பருவம் வந்தது. அதில் கொஞ்சம் எடுத்து மகனுக்குக் கொடுத்தார். எனக்கும் ஒரு சிரட்டையில் வந்தது. இதற்காகவே பிள்ளைகள் அடுப்படியைச் சுற்றுவார்களாம்.

அதற்கப்புறம் பேச்சு நின்றுவிட்டது. தீயைப் பாதியாக இழுத்துவிட்டு, துடுப்பால் அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தார். சின்னச் சின்னக் குமிழிகள் போய்ப் பெரிதாக, சோம்பலாக வெடிக்கத் தொடங்கின. ஒரு கிண்ணம் தண்ணீரில் பாகைச் சொட்டி விரலால் உருட்டினார். கரைந்தது. இன்னும் கிளறல். மறுபடி சொட்டு. உருண்டது. அந்த இரண்டு சொட்டுக்கும் நடுவே இரண்டு நிமிடம்கூட இருக்காது. அந்த இடைவெளியைத் தாண்டினால் பாகு முறுகிவிடும். முன்னால் இறக்கினால் கருப்பட்டி கசியும். மழை மூட்டமாயிருந்தால் பதமே வேறு என்றார். கடிகாரமோ வெப்பமானியோ அங்கே இல்லை. மாமியார் மட்டும் பாயிலிருந்து எழாமலே, கொதிக்கும் சத்தத்தை வைத்து, "இறக்கு" என்றார். மதினி ஏற்கெனவே துணி சுற்றித் தாச்சியைப் பிடித்திருந்தார்.

மணலில் வரிசையாகப் பதித்த சிரட்டைகளில் பாகை ஊற்றினார்கள். எட்டு, பத்து லிட்டர் பதனி காய்ந்து ஒரு கிலோ கருப்பட்டியாகிறது. அதற்கு எரிந்த விறகு ஒரு குவியல். அதைப் பொறுக்கி வந்ததும் மதினிதான். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு அந்த வேலை. கருப்பட்டி விலையைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த விறகுக்குக் கூலி போட்டு நான் கேட்டதில்லை.

விலையை இவர்கள் வைப்பதுமில்லை. பருவம் தொடங்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியாகிறது. சரக்கு அவருக்குத்தான், விலையும் அவர் சொல்வதுதான். கடைத்தெருவில் இதன் பக்கத்திலேயே சீனி கலந்த கருப்பட்டியும் அதே நிறத்தில், அதே சிரட்டை வடிவில் உட்கார்ந்திருக்கிறது. சீனி மலிவு, பாகு சீக்கிரம் இறுகும், அளவும் கூடும். "உடச்சுப் பாருங்க. உள்ள மினுமினுன்னு இருந்தா சீனி" என்றார் மதினி. ஆனால் உடைத்துப் பார்த்து வாங்க எந்தக் கடையில் விடுகிறார்கள்? உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். ஊர்ப் பெயருக்கு அது காவல். சீனி கலக்காதவருக்கும் கலப்பவருக்கும் விலையில் வித்தியாசம் வந்தால்தான் இந்த அடுப்புக்கும் காவல்.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். விதை நடும் விழாக்களும் நடக்கின்றன. ஏற ஆளில்லை என்ற புலம்பலும் பழையது. மரமேறும் கருவி வந்திருப்பதைப் பற்றி அண்ணாச்சியிடம் கேட்டேன். ஒரு மரத்தில் கழற்றி அடுத்த மரத்தில் மாட்டுவதற்குள் தான் இரண்டு மரம் ஏறி இறங்கிவிடுவதாகச் சொன்னார். "பனையேறிக்குப் பொண்ணு குடுக்க மாட்டேங்காவ" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மதினி அதை அப்படியே விட்டுவிடவில்லை. "பொண்ணுவ மரத்தக் கண்டா பயப்படுது? ஏறப் போறது அவிய. ஆறு மாசம் இந்தப் பொகையில வேவணுமேன்னுதான் வரமாட்டேங்கு. எங்க அம்மைக்கு இதுலதான் கண்ணு போச்சு. புகைபோக்கி வச்சு ஒரு அடுப்பு கட்டித் தாங்கன்னு நானும் வாறவங்ககிட்டல்லாம் சொல்லுதேன். எல்லாரும் மரத்தப் பாத்துட்டுப் போயிருதாவ."

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து அரிவாளை எடுத்துத் தீட்டப் போய்விட்டார்.

கிளம்பும்போது இரண்டு கிலோ கேட்டேன். அன்று ஊற்றியதைத் தர மறுத்துவிட்டார் மதினி, ஈரம் இருக்குமாம். அடுப்புக்கு மேலே பரணில் புகை குடித்துக் கிடந்த பழைய சரக்கை இறக்கி, ஓலைக் கொட்டானில் வைத்து நிறுத்துக் கொடுத்தார். வியாபாரி எடுக்கும் விலை என்ன என்று கேட்டுவிட்டு, கடையில் விற்கும் விலையைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு இருபது ரூபாயைத் திருப்பித் தந்தார்; கொட்டானின் எடையைக் கழிக்க மறந்துவிட்டாராம். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வேர்த்துவிடும், அடுப்பு மேடைக்கு மேலே ஏதாவது தட்டில் போட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த தாச்சிக்கு ஓலையை இழுத்துத் திணித்தார்.