இடம்புரி மரை

முத்துக்குளித்துறைக் கரையோரத்தில் வாழ்வோருக்குச் சங்கில் வலம்புரி என்றும் இடம்புரி என்றும் இருவகை உண்டு என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் ஏறி மிதிக்கின்ற மிதிவண்டியிலும் இவ்விருவகை உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வலக்கால் மிதிக்கும் பெடல் வலம்புரி மரையால் கிராங்கில் பொருந்தியிருக்கிறது. இடக்கால் மிதிக்கும் பெடல் இடம்புரி மரையால் பொருந்தியிருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. அங்குலத்தில் 16-இல் 9 பங்கு என்னும் தடிப்பும் ஒன்றே. அங்குலத்துக்கு 20 சுற்று என்னும் கணக்கும் ஒன்றே. திசை மட்டுமே வேறு.

ஏன் இந்த ஏற்பாடு? ஒரு பென்சிலைக் கைக்குள் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, வெளியே நீண்டிருக்கும் முனையை மற்றக் கையால் வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். முனை ஒரு திசையில் சுற்றிவர, பென்சில் எதிர்த்திசையில் மெல்ல உருளும். பெடலின் அச்சும் அவ்வாறே. மிதிப்பவரின் பாரம் கீழ்நோக்கியே இருக்க, கிராங்கு சுழன்றுகொண்டே இருப்பதால், அந்தப் பாரம் துளையின் சுற்றுவட்டமெங்கும் மாறி மாறி அச்சை அழுத்துகிறது. அச்சும் கண்ணுக்குத் தெரியாத அளவில் உருள முயல்கிறது. இடப்புறத்திலும் வழக்கமான மரையே இருந்தால், வண்டி ஓட ஓடப் பெடல் தானாகவே கழன்று விழுந்துவிடும். அதைத் தடுக்கவே அங்கு மரையின் திசையை மாற்றி அமைத்தார்கள். எனவே இருபுறத்திலும் நம் ஒவ்வொரு மிதியும் பெடலை இறுகும் திசையிலேயே தள்ளுகிறது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். பல ஆண்டு ஓடிய வண்டியில் பெடல் அசையாமல் இறுகிக் கிடக்கிறது என்றால், யாரோ ஒருவர் ஒரு நாளில் அதை அப்படி முடுக்கிவிடவில்லை. அன்றாட ஓட்டமே அதை இறுக்கியது. அதன்மேல் துருவும் சேர்கிறது. இரும்பு துருவாகும்போது முன்னைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. மரையின் இடுக்குகளுக்குள் அது பருத்து, அச்சையும் கிராங்கையும் ஒன்றாகப் பிணைத்துவிடுகிறது. உப்பளக் காற்று வீசும் ஊர்களில் இதற்கு நெடுங்காலம் தேவைப்படுவதில்லை.

நம் பங்கின் வேதியர் கிளைப்பங்குகளுக்குச் சென்றுவரும் மிதிவண்டிக்கு இந்நிலை நேர்ந்தது. இடப் பெடலின் உள்ளிருக்கும் குண்டுகள் நொறுங்கிப்போயின. புதிய பெடல் வாங்கி வந்தும் பழையதைக் கழற்ற இயலவில்லை. பங்கின் இளைஞர் மூவர் முன்வந்தார்கள். ஸ்பேனரின் பிடியில் நீண்ட குழாயைச் செருகி, எல்லாத் திருகுகளையும் எத்திசையில் கழற்றுவார்களோ அத்திசையிலேயே தம் முழு வலிமையையும் காட்டினார்கள். அது அசையவில்லை. சுத்தியலைத் தேடி ஒருவர் புறப்பட்டபோது, வேதியர் வண்டியை உருட்டிக்கொண்டு பக்கத்துத் தெருச் சைக்கிள் கடைக்கு நடந்தார். நாமும் உடன் சென்றோம்.

கடைக்காரர் அறுபதைக் கடந்தவர். சிறுவயது முதல் இத்தொழிலிலேயே இருப்பவர். எந்தக் கருவியையும் அவர் கையில் எடுக்கவில்லை. “எந்தப் பக்கமாத் திருப்புனாங்க?” என்றுதான் முதலில் கேட்டார். வேதியர் கையால் காட்டினார்.

“பிள்ளைங்க பலத்துல ஒரு குறையும் இல்ல சாமி. கழட்டுறதா நெனச்சு இறுக்கியிருக்காங்க” என்றார்.

திசையை மறவாதிருக்க அவர் சொன்ன வழி எளியது. ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்கட்டும். அதைப் பின்சக்கரத்தை நோக்கி இழுத்தால் எந்தப் பக்கத்துப் பெடலும் கழலும். முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும். பிறகு மண்ணெண்ணெயில் சிறிது எஞ்சின் ஆயிலைக் கலந்து, மரையின் இரு முனைகளிலும் துளித்துளியாக விட்டு, “நாளைக்கு வாங்க” என்றார். மறுநாள் சென்றபோதும் மீண்டும் சில துளிகளை விட்டாரே அன்றி வேறொன்றும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் எண்ணெயைத் துணியால் நன்றாக ஒற்றித் துடைத்தார். பெடலின் ரப்பர் கட்டைகளை அகற்றினார். சிறு தீச்சுடரால் கிராங்கின் கண்ணை மட்டும் சுற்றிச் சூடேற்றினார். வெம்மையில் இரும்பு விரியும். உள்ளே இருக்கும் அச்சு அதே அளவு சூடேறுமுன், வெளியே இருக்கும் கண் சற்றே அகன்றுகொடுக்கும். அதன் பின்னரே ஸ்பேனரைப் பொருத்தினார். நமக்கு வியப்பு என்னவென்றால், முதலில் அவர் அதை இறுக்கும் திசையில் ஓர் இழை தள்ளினார்!

“ஏன் அண்ணாச்சி, நீங்களும் இறுக்குகிறீர்களே?” என்று கேட்டோம்.

“அது போக விரும்புற பக்கம் நாமளும் ஒரு நூல் போகணும் சாமி. அப்பத்தான் துரு உடையும்” என்றார்.

பின்பு ஸ்பேனரும் கிராங்கும் கத்தரிக்கோலின் இரு பிடிகள் போல் அமையுமாறு வைத்து, இரண்டையும் ஒன்றையொன்று நெருங்கும்படி அழுத்தினார். ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்டது. எஞ்சிய சுற்றுகளை விரலாலேயே சுழற்றி எடுத்தார். கிராங்கின் மரையில் ஒரு சுற்றுக்கேனும் பழுதில்லை. பெடலைக் கழற்றுவது மட்டுமே நோக்கமன்று, மரை நலமாக இருந்தால்தானே புதியது ஏறும் என்று சொல்லிக்கொண்டே, புதிய பெடலின் மரையில் கிரீஸைத் தடவி ஏற்றினார்.

அவரது கைத்திறனை நாம் மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அவர் பதினான்கு ஆண்டுகளாக ஆலயத்தினுள் அடியெடுத்து வைக்காதவர். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் அறிந்த செய்தி அன்று, ஊரறிந்தது. அவர் இசைவு பெற்றே எழுதுகிறோம். தாயின் அடக்கச் செலவைப் பற்றித் தம்பியோடு எழுந்த பேச்சு வீட்டுப் பங்கீட்டுப் பிணக்காக வளர்ந்தது. உறவினர் அனைவரும், “நீதானே மூத்தவன், நீயே மன்னித்துவிடு” என்றார்கள். கோயிலிலும் ஒருநாள் பலர் அறிய அதுவே சொல்லப்பட்டது. நல்ல அறிவுரைதான்; பலரைத் தளர்த்தியிருக்கும் சொல்தான். ஆனால் இவரை அது மேலும் இறுக்கிற்று. அன்று முதல் தம்பியின் வீட்டைக் கண்ணால் காணாதிருக்க, சுற்றுவழியாகவே கடைக்கு நடந்து வருகிறார். அந்தச் சுற்றுவழியின் ஒவ்வோர் அடியும் அப்பிணக்கை ஒரு நூலளவு முடுக்கியது என்பதை, பெடலின் இயல்பை அறிந்த பின்னரே நாம் விளங்கிக்கொண்டோம்.

பெரிய கிரகோரியார் 590-ஆம் ஆண்டில் திருத்தந்தைப் பொறுப்பை ஏற்றபோது, மேய்ப்புப்பணி பற்றி நூல் ஒன்றை எழுதினார். அதன் மூன்றாம் பாகம் முழுவதிலும், செல்வர் – வறியர், மகிழ்வோர் – வருந்துவோர், பொறுமையற்றோர் – பொறுமையுடையோர் என்று மக்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு வகையில் பேச வேண்டும் என்று விளக்குகிறார். ஒருவருக்கு நலம் தருவதே மற்றவருக்குத் தீங்காகிவிடலாம் என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. குருமடத்தில் இதைப் பாடமாகப் படித்தோம். இடம்புரி மரையில் அதைக் கண்ணால் கண்டோம்.

புதிய பெடலை ஏற்றிய சில நாள்களில் அவரது கடைப்பலகையில் அமர்ந்து, தம்பியைப் பற்றி அன்று, தாயைப் பற்றிக் கேட்டோம். ஒரு மணி நேரம் பேசினார். மருத்துவமனையில் தாம் விழித்திருந்த இரவுகளையும், கடையின் கருவிகளை அடகு வைத்ததையும் சொன்னார். அவற்றைப் பதினான்கு ஆண்டுகளாக எவரும் கேட்டதில்லை. அவர் செல்ல விரும்பிய பக்கம் ஒரு நூலளவேனும் எவரும் உடன் சென்றதில்லை. மன்னிப்பு என்னும் சொல்லை அன்று நாம் உச்சரிக்கவே இல்லை. அடுத்தடுத்த மாதங்களிலும் சென்றோம். தம்பி நோயுற்றார் என்று கேட்டபோது, இவரே நேர்வழியாக நடந்து போய் அவர் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். ஆலயத்துக்குள் இன்னும் வரவில்லை. முற்றும் கழன்றுவிட்டது என்று சொல்ல மாட்டோம், அசைந்திருக்கிறது.

மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில், தவறு செய்த சகோதரரிடம் முதலில் தனிமையில் பேசவும், பின்னர் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்லவும், அதன் பின்னரே திருச்சபையிடம் சொல்லவும் ஆண்டவர் படிகளை வகுக்கிறார். நாமோ பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம். ஊர்க்கூட்டமும் பலரறிந்த கண்டனமும் தேவைப்படும் வேளை உண்டு. எண்ணெய் ஊறுமுன் அவற்றைக் கையிலெடுத்தால் ஆன்மாவின் மரை சிதைந்துவிடும். பின்பு எந்த அருளை அதில் ஏற்றுவது?

எனினும் பொறுமையின் பெயரால் எல்லாவற்றையும் ஊறவிட்டுக் காத்திருக்கலாம் என்று எவரும் கொள்ளலாகாது. வெடிப்பு விட்ட கிராங்குக்கு எண்ணெய் விடுவது பொறுமையன்று. அது ஓட்டுபவரைக் கீழே தள்ளிவிடும். கணவன் அடித்துத் துன்புறுத்தும் வீட்டிலிருந்து ஓடிவரும் பெண்ணிடம், “சற்றுப் பொறுத்துக்கொள் அம்மா” என்று சொல்வதற்கு இங்கு இடமே இல்லை. முதலில் அவளையும் பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டும், மற்றவை பிறகு. வெடிப்பையும் துருவையும் பிரித்தறியும் கண் பங்குத்தந்தைக்கும் வேண்டும், உறவினருக்கும் வேண்டும்.

இனி, துரு பிடிக்காமலே காப்பது எப்படி? கடைக்காரர் சொன்ன மருந்து மிக எளியது: ஆண்டுக்கு ஒருமுறை பெடலைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி மீண்டும் ஏற்றிவிட வேண்டும். அப்படிச் செய்த வண்டியில் பெடல் இறுகிக் கிடந்ததைத் தாம் பார்த்ததில்லை என்றார். 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், நம்பிக்கையாளர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்யவேண்டும் என்று விதித்தபோது, அதன் உள்ளத்திலும் இத்தகைய ஞானமே இருந்திருக்க வேண்டும். ஓடும்போதே கழற்றிப் பார்ப்பது எளிது. இறுகிய பின் கழற்றுவது கடினம்.

அன்பார்ந்த வாசகர்களே, தவக்காலந்தோறும் நம் இல்லங்களில் யாரோ ஒருவரை ‘இவர் மாறவே மாட்டார்’ என்று ஒதுக்கிவைத்து வருகிறோம். அவரிடம் நாம் காட்டிய வலிமை போதாமற் போயிற்று என்று எண்ணி, இன்னும் நீண்ட குழாயைத் தேட வேண்டாம். நாம் எத்திசையில் திருப்பிக்கொண்டிருக்கிறோம் என்று முதலில் பார்ப்போம். அவர் இடம்புரியாக இருக்கக்கூடும். அவ்வாறு அமைத்தவரும் ஆண்டவரே.